ஐந்தாம் குறுக்குத் தெருவில் தொடங்கும் விருந்து

கொழும்பு டிசம்பரில் சாப்பிடும் சாப்பாட்டில் பெரும்பங்கு முதலில் புறக்கோட்டையின் நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில்தான் வந்து இறங்குகிறது. அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சீனி, கருவாடு என்று லொறி லொறியாக வரும். காய்கறி வியாபாரம் நடந்த மனிங் சந்தை பேலியகொடைக்குப் போய்ச் சில வருடங்களாகின்றன. உலர் உணவு வியாபாரம் மட்டும் இந்தத் தெருக்களை விட்டுப் போகவில்லை. நத்தார் நெருங்கினால் கேக்குக்கான சரக்கும் சேர்ந்துகொள்ளும்: ரவை, உலர்ந்த முந்திரிகை, கஜு, நீற்றுப்பூசணித் தோசி, பாகில் ஊறிய இஞ்சி, ரோஸ் எசன்ஸ். பிரதான வீதி நடைபாதையில் காலணியும் பிள்ளைகளின் சட்டையும் மின்குமிழ் மாலையும் குவிந்திருக்கும். கோட்டை ரயில் நிலையத்திலிருந்து செட்டியார் தெரு வரை தோளோடு தோள் உரசித்தான் நடக்க முடியும்.

மூட்டைகளை இறக்கிக் கடைக்குள் கொண்டு சேர்ப்பவர்கள் நாட்டாமைகள். சாக்கை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்த முதுகில் மூட்டையை வாங்கி, லொறிக்கும் கடைவாசலுக்கும் நடுவே போட்ட பலகையில் நடப்பார்கள். தூரம் கூடினால் கைவண்டி. முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தோள் கொடுத்துத் தள்ளுவார். டிசம்பரில் அந்த வண்டிக்கு விலகி வழிவிடக்கூடத் தெருவில் இடமிருக்காது. பத்து மணியளவில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்போது சந்துக் கடையில் பாணும் பருப்பும், பிறகு ஒரு பிளேன்டீ. பலர் நின்றபடியே சாப்பிடுகிறார்கள். உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், பிறகு எழும்புவது கஷ்டம் என்று ஒருவர் சொன்னார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பண்டிகைக் கால வேலை அவருக்கு வேண்டியிருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் கூலி, மூட்டை கூடினால் காசும் கூடும். நத்தாருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதல்நாள் இரவு வரைக்கும் சரக்கு இறங்கும், மறுநாள் தூங்குவேன் என்றார்.

டிசம்பரில் வெளியே போய்ச் சாப்பிடுவதைப் பற்றி எழுதும்போது இவரிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. விடுமுறைக் காலத்துச் சாப்பாட்டைப் பற்றி நமக்கு வாசிக்கக் கிடைப்பதெல்லாம் எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம், எவ்வளவு செலவாகும் என்பதோடு முடிந்துவிடுகிறது. நம்முடைய விடுமுறைக்காக யார் தன்னுடைய விடுமுறையை விட்டுக்கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. கொழும்பில் அந்தக் கேள்விக்கு ஊர் பேர் சொல்லிப் பதில் தரலாம். பெரும்பாலும் அது தமிழ் ஊர்.

வெள்ளவத்தையில் டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு எந்தச் சைவக் கடையிலும் இரவு எட்டு மணிக்கு மேசை கிடைப்பது கடினம். இதற்கு நம்முடைய பஞ்சாங்கமும் ஒரு காரணம். மார்கழி பிறந்துவிட்டால் சைவக் குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலில் விடியற்காலையில் திருவெம்பாவைப் பூசை நடக்கும். வீடுகளில் நல்ல காரியங்கள் எல்லாம் தைக்குத் தள்ளிப்போகும். ஆனால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பது இந்த நாட்களில்தான். அங்கே பள்ளிக்கூடங்கள் பூட்டுவது நத்தாருக்கு. கல்யாண வீடு இல்லாத மாதத்தில் சொந்தமெல்லாம் வந்து நிற்கிறது. வெள்ளவத்தை மாடிவீட்டில் இருபது பேர் உட்கார முற்றமோ விறாந்தையோ இல்லை. ஆகவே உணவகத்தில் நாலு மேசையை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு உட்காருகிறார்கள்.

அந்த மேசைகளை நான் மதிப்போடுதான் பார்க்கிறேன். கொக்குவிலிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த அம்மம்மா ஒரு தலையில் இருப்பார். மறுதலையில் பிரெஞ்சு மட்டும் நன்றாகப் பேசும் பேரப்பிள்ளை. நடுவில் இருப்பவர்கள் மாறி மாறி மொழிபெயர்த்துக் களைத்துப் போவார்கள். இடியப்பமும் சொதியும் வந்த பிறகு அந்தச் சிரமம் குறைந்துவிடும். அம்மம்மா தன் கையால் சம்பலைப் பிள்ளையின் தட்டில் வைப்பார், உறைப்பு கூடிவிட்டதென்று பிள்ளையின் கண் கலங்கும், எல்லோரும் சிரிப்பார்கள். இந்தக் குடும்பம் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஊரில் வீடு இருந்தது. அது இப்போது இல்லை, அல்லது அங்கே ஆளில்லை. அவர்களுக்கு அந்தக் கடைதான் முற்றம்.

கொழும்புத் தமிழருக்கு வெளியே சாப்பிடுவது வெகுகாலம் பொழுதுபோக்காக இருந்ததே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த கிளார்க்குமார் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கினார்கள். அந்த அறையில் அடுப்பு கிடையாது. மாதக் கணக்கு வைத்து மெஸ்ஸிலோ சைவக் கடையிலோ மூன்று வேளையும் சாப்பிட்டார்கள். கடைசியில் கணக்கைத் தீர்த்துவிட்டு ஊருக்கு ரயிலேறுவார்கள். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு கோட்டையில் காலையில் ஏறினால் மத்தியானம் கடந்ததும் யாழ்ப்பாணத்தில் இறங்கலாம் என்றாயிற்று. விடுமுறை என்றால் ஊர், ஊர் என்றால் வீட்டுச் சாப்பாடு. பண்டிகைக் காலத்தில் கொழும்பிலேயே தங்கிக் கடையில் சாப்பிட நேர்ந்தவனைப் பார்த்து மற்றவர்கள் இரக்கப்பட்ட காலம் அது.

அந்த வழக்கம் தானாக மறையவில்லை. 1983 ஜூலைக் கடைசி வாரத்தில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழருடைய கடைகள் எரிந்தன. சாப்பாட்டுக் கடைகளும் அவற்றில் அடக்கம். கடை வைத்திருந்தவர்களில் சிலர் இந்தியாவுக்குப் போனார்கள், சிலர் எரிந்த இடத்திலேயே மறுபடி அடுப்பு மூட்டினார்கள், சிலர் திரும்பவே இல்லை. 1990இல் வடக்குக்கான ரயில் நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தைத் தொட 2014 அக்டோபர் ஆகிவிட்டது. இடையில் ஒரு தலைமுறைக்கே, டிசம்பரில் ஊருக்குப் போய் வீட்டில் சாப்பிடுவது என்ற ஒன்று இல்லாமல் போய்விட்டது.

போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கடவுச்சீட்டுக்காக, வைத்தியத்துக்காக, வெளிநாட்டுப் பயணத்துக்காக வந்தவர்கள் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜ்களில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். அவர்களுக்கும் சமையலறை கிடையாது. கீழே இருக்கும் கடையே கதி. 2007 ஜூன் 7ஆம் தேதி விடியுமுன் அந்த லொட்ஜ்களிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. அந்தக் காலையில் இடியப்பம் அவித்து வைத்திருந்த கடைகளில் சாப்பிட வரவேண்டியவர்கள் வரவில்லை. சாப்பாட்டுக் கடை என்பது கொழும்பில் நம்முடைய சனத்துக்கு எவ்வளவு பெரிய ஆதரவாக இருந்தது என்பதை நான் மறக்க விரும்பவில்லை. இன்று வெள்ளவத்தையில் மேசை சேர்த்துப் போட்டுச் சிரித்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு அந்தச் சிரிப்பு இலேசில் கிடைத்ததல்ல. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

அந்த மேசைக்குச் சாப்பாடு கொண்டுவருபவன் யார் என்பதுதான் என் கவலை.

அவன் ஹட்டனிலிருந்தோ தலவாக்கலையிலிருந்தோ பதுளையிலிருந்தோ வந்தவன். சாதாரண தரப் பரீட்சை எழுதியிருப்பான், அல்லது அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டிருப்பான். அண்ணனோ மச்சானோ ஏற்கெனவே புறக்கோட்டையில் துணிக்கடையிலோ பாத்திரக் கடையிலோ வேலை செய்வான், அவன் வழியாக இவன் வந்து சேர்ந்திருப்பான். தமிழ் முதலாளிமாருடைய கடைகளும் முஸ்லிம் முதலாளிமாருடைய ஹோட்டல்களும் பல பத்தாண்டுகளாக இந்தப் பிள்ளைகளின் உழைப்பில்தான் ஓடுகின்றன. தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாட்கூலி 2024இல்தான் 1,350 ரூபாவாக நிர்ணயமானது. அந்த மாதிரிக் கூலியை வைத்து ஒரு லயக் காம்பராவில் ஆறு பேர் சாப்பிட முடியாது. அதனால்தான் பிள்ளை கொழும்புக்கு வருகிறான்.

காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கும்போது அவன் மாவு பிசைந்து முடித்திருப்பான். இரவு பத்தரைக்குக் கடைசிக் கொத்தும் போன பிறகு தரை கழுவுவான். நடுவில் மத்தியானச் சனம் அடங்கிய பிறகு ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் படுக்கலாம். தூங்குவது கடையின் மேல்மாடியில், பாயில், மற்றப் பிள்ளைகளோடு. மேசையில் நாம் காண்பது துவைத்த சேட்டு. பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்பவனைப் பார்த்தால் வேறு கதை. நாள் முழுக்கச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறிய விரல் நுனி வெளுத்துத் தோல் பிளந்திருக்கும். ஈரத் தரையில் றப்பர் செருப்போடு நிற்பதால் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஒரு பையன் அதற்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மருந்துக்கடை பக்கத்துக் கட்டடத்தில்தான். அங்கே போய்வர அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அன்று டிசம்பர் 23, கடை நிறையச் சனம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணோடு போயின. மலையக ரயில் பாதை பல இடங்களில் அறுந்து தொங்கியது. கொழும்பைச் சுற்றிக் களனி ஆறு பெருகி வெல்லம்பிட்டியிலும் கொலன்னாவையிலும் வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தது, சனம் வீட்டைக் கழுவியது, டிசம்பர் நடுப்பகுதியில் காலி வீதியில் மின்குமிழ்கள் எரிந்தன. சாப்பாட்டுக் கடைகள் நிறைந்தன.

அப்படியொரு இரவில், தோசை கொண்டுவந்து வைத்த பையனிடம் ஊர் எங்கே என்று கேட்டேன்.

"பதுளைப் பக்கம் அண்ணே."

"வீட்டில எல்லாரும் சுகமா?"

"உசுரோட இருக்காங்க அண்ணே. லயம்தான் இல்ல. ஸ்கூல்ல வச்சிருக்காங்க."

"நீங்க போய்ப் பார்க்கேல்லையா?"

"மொதல்ல ரோட்டு இல்லன்னாங்க. இப்ப பஸ் ஓடுது. ஆனா சீசன்ல லீவு கேக்க ஏலாதுண்ணே. தையில போகலாம்னு மொதலாளி சொன்னாரு." பிறகு, அதே குரலில், "சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்றான்.

அந்த முதலாளி கொடியவர் என்று நான் எழுதப் போவதில்லை. அவர் அந்தப் பையன் கையில் கொஞ்சம் காசும், ஊருக்கு அனுப்ப ஒரு மூட்டை அரிசியும் கொடுத்திருக்கிறார் என்று பிறகு தெரியவந்தது. சீசனில் ஒரு பையனை விட்டால் மற்றவனும் கேட்பான், எல்லோருடைய ஊரும் மலையில்தான் இருக்கிறது, கடையை யார் நடத்துவது என்று அவர் கணக்குப் பார்த்திருக்கிறார். அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் தாய் தகப்பன் பள்ளிக்கூடத் தரையில் படுத்திருக்கும்போது மகன் கொழும்பில் அடுத்தவர் குடும்பத்தின் ஒன்றுகூடலுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டு நிற்கிறான். கணக்குச் சரியாக இருந்தும் இப்படி நடக்கிறதென்றால், கணக்கில் சேர்க்க வேண்டிய ஒன்றை நாம் சேர்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சட்டத்தில் அது சேர்க்கப்பட்டே இருக்கிறது. கடை, காரியாலய ஊழியர்களுக்கென்று 1954இல் வந்த சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்று வேலையை வரையறுக்கிறது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. வருடத்துக்குப் பதினான்கு நாள் வருடாந்த லீவு, ஏழு நாள் சமயோசித லீவு. போயா தினத்தில் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு எட்டு சதவீதம், முதலாளி பங்கு பன்னிரண்டு. அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மூன்று சதவீதம் கட்ட வேண்டும். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்ந்தது, 2026 ஜனவரி முதல் 30,000. எழுபது வருடத்துச் சட்டம் தாளில் உறுதியாகத்தான் இருக்கிறது. சிறிய சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் பையனிடம் நியமனக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அவனுடைய பெயர் எந்தப் பதிவிலும் இல்லாதபோது சட்டம் யாரைத் தேடிப் போகும்?

கடைக்காரர் பக்கமும் சொல்ல வேண்டும். 2021 கடைசியில் சமையல் எரிவாயுச் சிலிண்டர்கள் வெடித்தன, பிறகு எரிவாயுவே இல்லாமல் போனது. பன்னிரண்டரைக் கிலோச் சிலிண்டரின் விலை 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் விலை முந்திய வருடத்தைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. பல சிறிய கடைகள் விறகுக்குத் திரும்பின, பல பூட்டின. தப்பியவர்களுக்கு டிசம்பர்தான் வருடக் கடனை அடைக்கும் மாதம். பெரிய இடங்களில் இன்னொரு விதம். அங்கே பில்லில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் பதினெட்டு சதவீதம் வற் வரி. ஆயிரம் ரூபாவுக்குச் சாப்பிட்டால் ஏறக்குறைய 1,300 கொடுக்க வேண்டும். அந்தப் பத்து சதவீதத்தில் பரிமாறியவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். கேட்டால் சொல்வார்கள். காசு கொடுப்பவர்களில் அதைக் கேட்பவர்கள் அருமை.

அப்படியானால் பண்டிகைக் காலத்தில் வெளியே சாப்பிடுவதை விட்டுவிடலாமா என்று கேட்கலாம். விடக்கூடாது என்பதே என் எண்ணம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலிமுகத்திடலுக்கு அண்மையில் இருந்த மூன்று பெரிய ஹோட்டல்களில் காலைச் சாப்பாட்டு வேளையில் குண்டு வெடித்தது. ஒன்றில் சாப்பாட்டு வரிசையிலேயே வெடித்தது. விருந்துக்கு வந்தவர்களோடு அவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் செத்தார்கள். அதே காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அழிந்தன. அதன் பிறகு மாதக்கணக்கில் கொழும்பில் சனம் வெளியே போகப் பயந்தது. ஊரடங்கும் கொரோனாவும் அடுத்து வந்தன. அந்த இரண்டு வருடங்களில் மலையகப் பிள்ளைகள் பலர் சம்பளமில்லாமல் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மேசை காலியாக இருந்தால் முதலில் பட்டினி கிடப்பவன் பரிமாறுபவன்தான். ஒருவரையொருவர் பயந்து வீட்டுக்குள் கிடந்த நகரம் மறுபடி ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து சாப்பிடுகிறது. சிங்களக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்காரும் இடம் இந்த நாட்டில் அதிகமில்லை, சாப்பாட்டுக் கடை அதில் ஒன்று. அது நிறைந்திருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது சாப்பிடுபவர்களிடமும் கடைக்காரர்களிடமும் சேர்த்துத்தான். சீசனில் யாருக்கும் லீவில்லை என்ற பேச்சு இயற்கைச் சட்டமல்ல. டிசம்பர் முதல் வாரத்திலேயே, எந்தப் பையன் எந்த மூன்று நாள் ஊருக்குப் போகிறான் என்று தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டலாம். அப்படிச் செய்யும் கடைகள் இருக்கின்றன. முறை வைத்து அனுப்பினால் ஒரே நாளில் எல்லோரும் போகமாட்டார்கள். வீடு இழந்தவனுக்கு அந்த முறையில் முதல் இடம் கொடுக்க வேண்டும் என்பதைப் பையன்களே ஒப்புக்கொள்வார்கள், அவர்கள் நம்மைவிட நன்றாகப் பங்கிடத் தெரிந்தவர்கள். நாமும் இரவு பத்தேகாலுக்குப் போய் இருபது பேருக்குக் கொத்து ஓடர் பண்ணாமல் இருக்கலாம். ஏழு மணிக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, மிச்சக் கதையைக் கடற்கரையில் நடந்தபடி பேசலாம். பன்னிரண்டாயிரம் ரூபாவுக்குச் சாப்பிட்ட குடும்பம் இருநூறு ரூபாவை மேசையில் வைத்துவிட்டுப் போவதை வழக்கமாகப் பார்க்கிறேன். அந்த இருநூறு ரூபா அன்று ஓடித்திரிந்த நாலு பேருக்கிடையே பிரியும். வெளிநாட்டில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் நம் உறவுகளில் எத்தனை பேர்! பாரிசிலும் சூரிச்சிலும் அந்தக் குளிரில் நின்றவர்களுக்கு வெள்ளவத்தையில் பின்கட்டில் நிற்கும் பிள்ளையின் கால் எப்படி எரியும் என்பது தெரியாமல் இருக்காது. கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்கள் கேட்டால் முதலாளிமாரும் செவிகொடுப்பார்கள், ஏனென்றால் டிசம்பரில் கடையை நிறைப்பவர்கள் அவர்களே.

கொட்டாஞ்சேனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலையகப் பிள்ளைகளில் வேதக்காரரும் நிறைய இருக்கிறார்கள். 24ஆம் தேதி இரவு சாந்த லூசியாள் பேராலயத்தில் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போக அவர்களுக்கு ஆசை. ஆனால் அன்றுதான் கடையில் கூட்டம் அதிகம். பூசைக்குப் போகும் குடும்பங்கள் முதலில் சாப்பிட்டுவிட்டுப் போகின்றன, பூசை முடிந்த பிறகு வேறு சில குடும்பங்கள் வருகின்றன. கடை நடத்துபவரும் சில நேரம் கோயிலில் இருக்கிறார், சாப்பிட வந்தவரும் கோயிலுக்குப் போகிறார், வேதக்காரப் பையன் தட்டுக் கழுவுகிறான். தீபாவளிக்கு மலையகப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்புவதென்று கொழும்புக் கடைகளில் ஒரு பழைய ஒழுங்கு இருக்கிறது. முன்பணமும் புது உடுப்பும் கொடுத்து அனுப்புவார்கள், அந்த நாட்களில் புறக்கோட்டைப் பஸ் நிலையத்தில் மலைநாட்டுப் பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது. நத்தாருக்கு அப்படி ஒரு ஒழுங்கு அமையவில்லை. தீபாவளிக்கு முடிந்தது நத்தாருக்கு ஏன் முடியாது என்பதற்கு எனக்கு ஒருவரும் சரியான காரணம் சொல்லவில்லை.

கடந்த டிசம்பரில் கொட்டாஞ்சேனையில் ஒரு நடுத்தரக் கடைக்காரர் 24ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டுவதென்று முடிவு செய்தார். ஒரு வாரத்துக்கு முன்பே கல்லாப் பெட்டிக்கு மேலே தாள் ஒட்டினார். 25 மத்தியானம் வரை திறக்க மாட்டோம் என்றும் அதில் எழுதியிருந்தது. வாடிக்கையாளர் சிலர் முகத்தைச் சுளித்தார்கள், பார்சலுக்குச் சொல்லியிருந்த ஒருவர் சண்டைக்கே வந்தார். அவருக்கு எட்டரை மணிக்கே பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். பையன்களில் மூன்று பேர் பூசைக்குப் போனார்கள், இரண்டு பேர் அன்றிரவே ஹட்டன் பஸ் பிடித்தார்கள், மற்றவர்கள் மேல்மாடியில் தூங்கினார்கள். நட்டமா என்று அவரிடம் கேட்டேன். ஒரு இரவு வியாபாரம் போனது உண்மைதான் என்றார். 25 மத்தியானம் திறந்தபோது வாசலில் சனம் நின்றது என்றும், அடுத்த வருடம் தாளை டிசம்பர் முதலாம் தேதியே ஒட்டப் போவதாகவும் சொன்னார்.